பெரு நாட்டுக் கடலும் செவ்வாய்ப்பேட்டைப் பருப்பும்

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மொத்த மளிகைக் கடை. வாசலில் மூட்டைகள் அடுக்கி இருக்கின்றன. துவரம் பருப்பு மூட்டை. கொண்டைக் கடலை மூட்டை. பக்கத்தில் பாமாயில் டின்கள்.

இவை எல்லாம் எங்கே விளைந்தவை?

நம் நாட்டுத் துவரை போதவில்லை. ஆகவே ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளில் இருந்தும் துவரை கப்பலில் வருகிறது. பாமாயில் இந்தோனேசியாவில் பிழிந்ததாக இருக்கும். இல்லாவிட்டால் மலேசியாவில் பிழிந்ததாக இருக்கும். கொண்டைக் கடலை ஆஸ்திரேலியாவில் இருந்தும் வருவது உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் கூடிய சந்தையால் பெயர் பெற்ற பேட்டை இது. இன்று இங்கே உலகமே சந்தை போடுகிறது!

பூகோளம் என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம் என்று நினைக்கிறோம். நாடு, தலைநகர், ஆறு, மலை என்று மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறோம். ஆனால் மாதம் பிறந்ததும் மளிகைச் சீட்டு எழுதும் குடும்பத் தலைவி, தன்னை அறியாமலே பூகோளத்தோடுதான் பேரம் பேசுகிறாள்.

இந்தியாவில் மழை குறைகிறது. அதே ஆண்டில் இந்தோனேசியாவிலும் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் பயிர் காய்கிறது. ஆப்பிரிக்காவின் தென் பகுதியிலும் வானம் பொய்க்கிறது. எல்லாம் ஒரே சமயத்தில்! இப்படி நடக்குமா? நடக்கும். பல முறை நடந்திருக்கிறது. அதற்குக் காரணம் நம் ஊருக்கு நேர் கீழே இருக்கிறது.

பூமிக்கு மறுபுறம்

சேலத்தில் நின்றுகொண்டு பூமியை நேராகத் துளைத்துக் கொண்டே போவதாக வைத்துக் கொள்வோம். மறுபுறம் எங்கே வெளிவருவோம்? தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்கு மேற்கே, நடுக்கடலில் வெளிவருவோம். அதுதான் பசிபிக் மகா சமுத்திரம். உலகத்தில் உள்ள நிலம் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தக் கடலின் பரப்புக்கு ஈடாகாது.

வழக்கமான ஆண்டுகளில் அந்தக் கடலின் மேல் கிழக்கில் இருந்து மேற்காகக் காற்று வீசும்.

ஓர் அகன்ற அண்டா. அடியில் பச்சைத் தண்ணீர், மேலே வெந்நீர். ஒரு பக்கத்தில் நின்று விசிறியால் பலமாக விசிறினால் என்ன ஆகும்? மேலே உள்ள வெந்நீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். விசிறுகிற பக்கத்தில் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். பசிபிக் கடலிலும் இதுவேதான். சூடான நீர் இந்தோனேசியா பக்கம் போய்த் தேங்கும். பெரு நாட்டுக் கரையில் குளிர்ந்த நீர் எழும்பும். குளிர்ந்த நீரில் மீனுக்கு இரை அதிகம். நம் நெத்திலியைப் போன்ற மீன் அங்கே மலை மலையாகக் கிடைக்கும்.

வெந்நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆவி எழும். மேகம் திரளும். மழை கொட்டும். அதனால் இந்தோனேசியாவில் மழை. அந்தக் காற்றோட்டம் நம் நாட்டுப் பருவ மழைக்கும் துணை செய்கிறது.

இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்த விசிறி தளர்ந்து விடும். காற்று வலுவிழக்கும். மேற்கே ஒதுங்கி நின்ற வெந்நீர் கிழக்கே திரும்பி வரும். மேகமும் அதன் பின்னாலேயே போய்விடும். நடுக்கடலில் மழை, பெரு நாட்டில் வெள்ளம். இந்தியாவின் மேலே காற்று எழும்புவதற்குப் பதிலாகக் கீழே இறங்கி அமுக்கும். இறங்குகிற காற்றில் மேகம் திரளாது.

பெரு நாட்டு மீனவர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாகும். மீன் மறைந்து விடும். அதற்கு ‘எல் நினோ’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘குழந்தை’ என்று பொருள். குழந்தை ஏசுவைக் குறிக்கும் பெயர். பெயர் என்னவோ அழகான பெயர்தான்.

தாது வருஷம்

சேலம் ஜில்லா இதை எப்படி அனுபவித்தது? அதற்கு 1876-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். தமிழ்க் கணக்கில் அது தாது வருஷம். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்ற பெயரைக் கேள்விப்படாத பழைய குடும்பம் நம் பக்கத்தில் அபூர்வம்.

1876-ல் மழை தவறியது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1877-ல் பசிபிக் கடல் சூடேறியது. ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த எல் நினோக்களில் மிகக் கடுமையானவற்றில் அது ஒன்று. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமும் பொய்த்தது.

கிணறு வற்றியது. ஆடு மாடு செத்தது. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளையவில்லை. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

தானியம் நாட்டில் அறவே இல்லையா? இருந்தது! அந்தப் பஞ்ச காலத்தில் இந்தியாவில் இருந்து லட்சக்கணக்கான டன் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. சேலத்துக்கு அப்போதே ரயில் வந்துவிட்டது. சூரமங்கலத்தில் ஸ்டேஷன் இருந்தது. ஆனால் விலை கொடுக்கக் கையில் காசில்லாதவனுக்கு ரயில் வந்து என்ன பயன்? வயலில் வேலை இல்லை; ஆகவே கூலி இல்லை; ஆகவே கஞ்சி இல்லை.

சர்க்கார் நிவாரண வேலை கொடுத்தது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்படிப் பஞ்சக் கூலிகளைக் கொண்டு வெட்டப்பட்டதுதான். கூலி எவ்வளவு? இந்த இடத்தில் ஒரு பெரிய தகராறு நடந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அதோடு சில்லறைக் காசு கொஞ்சம். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். வெயிலில் வேலை செய்கிறவனுக்கு இது காணாது, ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். இருவரும் வெள்ளைக்காரர்கள்தான். ஒருவர் கஜானாவைப் பார்த்தார். மற்றவர் எலும்பைப் பார்த்தார். கடைசியில் பாதி வழியில் சமாதானம் ஆயிற்று. கூலி சுமார் 570 கிராம் தானியமாக உயர்ந்தது. கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது.

1877-ம் ஆண்டின் பிற்பகுதியில் மழை வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அதோடு காய்ச்சலும் வந்தது. பட்டினியால் மெலிந்து போன உடம்புகள் மலேரியாவைத் தாங்கவில்லை. மழைக்காக ஏங்கியவர்கள் மழை வந்த பிறகு செத்தார்கள்.

அன்றைய சேலம் ஜில்லா பெரியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அதில் அடக்கம். 1871 குடிக்கணக்கில் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881 கணக்கில் சுமார் 16 லட்சம். பத்து ஆண்டில் பெருக வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்து விட்டது! இறந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்த கணக்கு இது.

அதே சமயத்தில் வடசீனாவிலும் பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கிலும் பஞ்சம். மூன்று இடத்திலும் மக்கள் தத்தம் தெய்வத்திடம் முறையிட்டார்கள். மூன்றுக்கும் பின்னால் இருந்தது ஒரே கடல் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

தராசுத் தட்டு

தெரிந்து கொள்ள வழி செய்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித நிபுணர். 1904-ல் இந்திய வானிலை இலாகாவுக்குத் தலைவராக வந்தார். (ராமானுஜத்தின் கணக்குகளைப் பார்த்து, அவருக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் உதவ வேண்டும் என்று 1913-ல் பரிந்து எழுதியவர் இவர்தான்.) பருவ மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்விக்கு அவர் வானத்தை மட்டும் பார்க்கவில்லை. உலகத்தின் பல ஊர்களில் எழுதி வைத்த மழை, காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்தார். இந்தியக் குமாஸ்தாக்கள் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார்கள்.

கடைசியில் ஓர் உண்மை புலப்பட்டது. பசிபிக் கடலின் மேல் காற்றழுத்தம் ஏறினால் இந்துமகா சமுத்திரத்தின் மேல் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசின் இரு தட்டுகளைப் போல! செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தராசுக்கும் பெரு நாட்டு மீனவர் சொன்ன சூட்டுக்கும் உள்ள உறவை 1969-ல் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார். இன்று பசிபிக் கடலில் மிதவைகள் கட்டி, அவற்றில் வெப்பமானி பொருத்தி இருக்கிறார்கள். செயற்கைக் கோள்களும் பார்க்கின்றன. கடல் சூடேறப் போகிறதா என்பது பல மாதம் முன்னதாகவே தெரிகிறது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். எல் நினோ என்றாலே பஞ்சம் என்று பயப்படக் கூடாது. 1997-ல் கடுமையான எல் நினோ வந்தது. இந்தியாவில் பருவ மழை வழக்கம் போல் பெய்தது. இந்துமகா சமுத்திரத்தின் வெப்பநிலையும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. ஜோசியம் போல ஒரே அடியாகச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. எல் நினோ ஆண்டில் ஆடி, ஆவணி மழை குறையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கூடும். 2015-ல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கலாம். அதுவும் எல் நினோ ஆண்டுதான். சேலத்துக்கு இரண்டு பருவமும் மழை தரும். ஆகவே நமக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

நந்தி தலை காட்டிய ஆண்டு

சமீபத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2023-ல் எல் நினோ வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தியாவில் பெய்த மழை, 1901 முதல் உள்ள கணக்கில் எந்த ஆகஸ்டையும் விடக் குறைவு. குடகிலும் வயநாட்டிலும் மழை குறைந்தால் காவிரியில் தண்ணீர் ஏது? 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. 2023 ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் திறந்தபோது 100 அடிக்கு மேல் இருந்தது. அக்டோபரில் சுமார் 30 அடிக்கு இறங்கியது. மதகை மூடினார்கள். அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தியும் பழைய மாதா கோவில் கோபுரமும் இப்படித் தண்ணீர் இறங்கும் காலங்களில்தான் தலை காட்டும். பார்க்கக் கூட்டம் கூடும். வேடிக்கை பார்க்கிற காட்சியா அது?

அடுத்த ஆண்டு, 2024-ல், வழக்கமான ஜூன் 12-ந் தேதி அணை திறக்கப்படவில்லை. ஜூலைக் கடைசியில் வெள்ளம் வந்து அணை நிரம்பிய பிறகுதான் டெல்டா விவசாயிகள் மூச்சு விட்டார்கள்.

இருந்தும், 2023-ல் யாரும் தாது வருஷத்தைப் போலப் பட்டினியால் சாகவில்லை. ரேஷன் கடையில் இலவச அரிசி கிடைத்தது. அரசாங்கக் கிடங்கில் தானியம் இருந்தது. இது தானாக வந்த பாக்கியம் அல்ல. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாம் காத்திருந்தோம். 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி ஆயிற்று. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் புதிய விதைகளும் கிடங்குகளும் வந்தன.

இன்னொரு மாறுதலையும் கவனிக்க வேண்டும். 1877-ல் பசித்த நாட்டில் இருந்து தானியம் வெளியே போனது. 2023 ஜூலையில் நம் அரசாங்கம் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. விலை ஏறுகிறதே, மழை சந்தேகமாக இருக்கிறதே என்ற முன்யோசனை. நம் பானைக்கு அது நல்லது. ஆனால் உலகச் சந்தையில் அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போயிற்று. நம் அரிசியை நம்பி இருந்த ஆப்பிரிக்க நாட்டுத் தாய்மார்கள் அதிக விலை கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. நம் கதவைச் சாத்திக் கொண்டது தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். முதலில் சொந்தப் பிள்ளைக்குத்தான் சோறு. ஆனால் துவரைக்கும் எண்ணெய்க்கும் பிறர் கதவைத் தட்டுகிற நாடு இது. நாளைக்கு அவர்களும் சாத்தினால்? ஆகவே அரிசிக் கிடங்கு மட்டும் போதாது. பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் அதே கவனம் வேண்டும். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களைக் கேட்டால் மக்காச்சோளத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

உலகம் முன்னைவிடச் சூடாகி வருகிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகைதான் முக்கியக் காரணம். 2024-ம் ஆண்டு இதுவரை அளந்த ஆண்டுகளில் மிக வெப்பமானது. யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் இருந்த நிலையை விடச் சுமார் ஒன்றரை டிகிரி அதிகம். ஏற்கெனவே சுட்ட சட்டியில் எல் நினோ வந்து உட்காருகிறது. இதைச் சேலத்தில் இருந்து நிறுத்திவிட முடியாது. அதை உலக நாடுகள் கூடிச் செய்ய வேண்டும். நம் கையில் உள்ள காரியம் வேறு.

எல் நினோ ஆண்டில் காவிரி ஏமாற்றலாம். ஐப்பசி மழை கை கொடுக்கலாம் என்று பார்த்தோம். அந்த மழை எங்கே போய்த் தங்கும்? ஏரியில் தங்க வேண்டும். மேட்டூர் அணை நம் ஜில்லாவில் இருக்கிறதே தவிர, அதன் தண்ணீர் பெரும்பாலும் தஞ்சைக்குப் போகிறது. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களால் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று பக்கமும் சேர்ந்து பாசனம் பெறுவது 45 ஆயிரம் ஏக்கர்தான். மற்ற நிலம் எல்லாம் கிணற்றையும் ஏரியையும் நம்பியது. சேலம் பூமியோ அடியில் கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் நிற்கும் தண்ணீர்தான் கிணற்றுக்கு வரும். ஏரி நிரம்பினால் அந்த வெடிப்பு நிரம்பும். ஆயிரம் அடி துளைபோட்டுப் புகை பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சேலம் நகரத்துக் குடிநீருக்காக 1911-ல் அமைத்த பனமரத்துப்பட்டி ஏரி, பல ஆண்டுகள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. செவ்வாய்ப்பேட்டை ஓரமாக ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் நல்ல தண்ணீராகப் பிறக்கிறது. ஊருக்குள் வந்ததும் சாக்கடையும் சாயக் கழிவும் சேருகின்றன. அதே தண்ணீர்தான் நாமக்கல் பக்கத்து ஏரிகளுக்கும் போக வேண்டும். மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளில் நிரப்ப 565 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது நல்ல காரியம். ஆனால் அது உபரி இருக்கும் ஆண்டுக்குத்தான் உதவும். உபரி இல்லாத ஆண்டுக்கு, வானத்தில் இருந்து நேராக விழுகிற மழையைப் பிடித்தாக வேண்டும். எல் நினோ என்று தெரிந்த ஆண்டில் புரட்டாசிக்குள் ஏரி வாய்க்கால்களைச் சுத்தம் செய்து முடிப்பது என்று ஒரு விதி வைத்தால் என்ன? சர்க்காருக்குப் பல மாதம் முன்னால் தகவல் கிடைக்கிறதே!

தகவல் சர்க்காருக்குக் கிடைக்கிறது. விவசாயிக்குக் கிடைக்கிறதா? இந்திய வானிலை இலாகா ஏப்ரல் மாதம் பருவ மழை பற்றி முதல் அறிவிப்புக் கொடுக்கிறது. மே கடைசியில் இரண்டாவது அறிவிப்பு. ‘நீண்ட காலச் சராசரியில் இத்தனை சதவீதம்’ என்று அதில் இருக்கும். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிறவர் இதை வைத்துக் கொண்டு என்ன செய்வார்? ‘இந்த ஆண்டு ஆடி மழை குறையலாம், தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரைக் குறையுங்கள், சோளமும் கம்பும் தாங்கும், ஐப்பசிக்கு ஏரியைத் தயார் செய்யுங்கள்’ என்று சொன்னால் புரியும். இதை வேளாண்மை அலுவலகமும் ஊராட்சியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் சொன்னால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமும் அதைக் கேட்டுத்தான் கடன் கொடுக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு யோசனை. சரக்கு வருமா வராதா என்று வெளிநாட்டு விளைச்சலை விசாரிப்பவர்கள் அவர்கள். முன்கூட்டித் தெரிந்த செய்தியைப் பதுக்கலுக்குப் பயன்படுத்துகிறவர்களும் எங்கும் உண்டு. செய்தி எல்லோருக்கும் தெரிந்து விட்டால் பதுக்குகிறவனுக்கு லாபம் குறையும். செவ்வாய்ப்பேட்டையில் கடை வாசலில் அன்றைய விலையைப் பலகையில் எழுதுகிறார்களே, அதன் அடியில் மாதம் ஒரு முறை ஒரு வரி எழுதலாம். ‘பசிபிக் கடல்: சூடு’, ‘பசிபிக் கடல்: சாதாரணம்’, ‘பசிபிக் கடல்: குளிர்ச்சி’. மூன்றில் ஒன்று. சாமான் வாங்க வருகிற கிராமத்துக்காரர் பருப்பு விலையைப் படித்து விட்டு அதையும் படித்துக் கொண்டு போவார்.